ஐரோப்பிய வங்கி விழுந்தால்: அந்த 7 யூரோவை யார் கொடுப்பது?

2013 மார்ச் 16, சனிக்கிழமை. சைப்ரஸ் மக்கள் காலையில் எழுந்தபோது, தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற செய்தி காத்திருந்தது. முந்தைய இரவு முழுக்க பிரஸ்ஸல்ஸில் யூரோ நாடுகளின் நிதி அமைச்சர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சைப்ரஸுக்கு 1,000 கோடி யூரோ கடன் தருகிறோம், ஆனால் வங்கியில் பணம் போட்டிருப்பவர்களும் பங்கு கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு லட்சம் யூரோவுக்குக் கீழே வைத்திருப்பவர்களிடம் 6.75 சதவீதம், அதற்கு மேல் வைத்திருப்பவர்களிடம் 9.9 சதவீதம்.

மக்கள் ஏடிஎம் வாசலில் வரிசை கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை நாடாளுமன்றத்தில் இந்தத் திட்டத்துக்கு ஆதரவாக ஒரு ஓட்டுகூட விழவில்லை. 36 பேர் எதிர்த்தார்கள், 19 பேர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். வங்கிகள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் திறக்கவே இல்லை. கடைசியில் வந்த ஏற்பாட்டில் ஒரு லட்சம் யூரோ வரை தொடவில்லை. லைகி என்ற பெரிய வங்கி மூடப்பட்டது. பேங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களின் மேல்தொகையில் 47.5 சதவீதம் அதே வங்கியின் பங்காக மாற்றப்பட்டது. கதவு திறந்த பிறகும் ஒரு நாளைக்கு 300 யூரோதான் எடுக்கலாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கட்டுப்பாடு. இது முழுதாக நீங்க 2015 ஏப்ரல் ஆனது.

நோட்டில் ஒரே அச்சு, பின்னால் ஒரே மத்திய வங்கி. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகள் சைப்ரஸின் லிமசோலில் கணக்கில் இருந்த ஒரு யூரோவும் ஜெர்மனியின் மியூனிக்கில் கணக்கில் இருந்த ஒரு யூரோவும் ஒரே பொருளாக இருக்கவில்லை. மியூனிக் யூரோ எங்கும் போகலாம். லிமசோல் யூரோவுக்கு விசா வேண்டும்.

ஐரோப்பிய வங்கிச் சட்டம் பற்றிய செய்திகளைப் படிக்கப் போனால் எழுத்துச் சுருக்கங்களும் விதிமுறை எண்களும் நம்மை விரட்டிவிடும். ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே நடந்தவற்றில் முக்கால்வாசி, அந்த விசாவை ஒழிக்கும் முயற்சியும் அதற்கான எதிர்ப்பும்தான். இதைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக விளங்கும்.

மூலதனம் என்றால் என்ன?

வங்கியில் போடும் பணம் பெட்டியில் பூட்டி வைக்கப்படுவதில்லை என்பது தெரிந்ததுதான். வீட்டுக்கடனாக, தொழில் கடனாக, அரசுப் பத்திரமாக அது வெளியே போய்விடுகிறது. 100 யூரோ கடன் கொடுத்திருக்கும் ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். அந்த நூறில் 80 யூரோ டெபாசிட். 12 யூரோ, வங்கி தன் பேரில் கடன் பத்திரம் விற்றுத் திரட்டியது. மீதி 8 யூரோ பங்குதாரர்கள் போட்டது. இந்த 8-க்குத்தான் மூலதனம் என்று பெயர்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். மூலதனம் என்றதும் வங்கி பீரோவில் ஒதுக்கி வைத்திருக்கும் தொகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'வங்கிகள் மூலதனத்தை முடக்கி வைத்திருக்கின்றன' என்று எழுதாத பத்திரிகை இல்லை. அதுவும் கடனாக வெளியே போய்விட்ட பணம்தான். அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்பது ஒன்றே அதன் சிறப்பு. கடன் வாங்கியவர்களில் சிலர் கையை விரித்து 5 யூரோ நஷ்டமானால், பங்குதாரர்களின் 8 யூரோ 3 ஆகிவிடும். டெபாசிட் போட்டவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நஷ்டம் 15 யூரோ ஆனால்? மூலதனம் மொத்தமும் போய், மேற்கொண்டு 7 யூரோ ஓட்டை. அந்த 7-ஐ யார் அடைப்பது என்பதுதான் கேள்வி.

2008-இல் ஐரோப்பா கொடுத்த பதில்: அரசு. செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தது. அந்த மாதக் கடைசியில் அயர்லாந்து அரசு ஒரே இரவில் முடிவெடுத்து, தன் நாட்டு வங்கிகள் ஆறின் கடன்களுக்கு மொத்தமாகப் பொறுப்பேற்றது. அந்தத் தொகை சுமார் 44,000 கோடி யூரோ. அயர்லாந்து ஓர் ஆண்டு முழுக்க உழைத்து உற்பத்தி செய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வங்கிகளைச் சாய்த்தது மனை, கட்டட வியாபாரத்துக்குக் கண்மூடிக் கொடுத்த கடன்கள். வங்கிகளைத் தூக்கி நிறுத்த அரசு கடைசியில் போட்ட பணம் சுமார் 6,400 கோடி. 2010-இல் நாட்டின் பட்ஜெட் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 32 சதவீதத்தைத் தொட்டது. அந்த நவம்பரில் அயர்லாந்தே மற்ற நாடுகளிடமும் பன்னாட்டு நிதியத்திடமும் போய் நிற்க வேண்டியதாயிற்று.

சைப்ரஸில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே முதலில் நொடித்தது அரசு, அதுவும் பக்கத்து நாட்டு அரசு. சைப்ரஸ் வங்கிகள் கிரேக்க அரசுப் பத்திரங்களை ஏராளமாக வாங்கி வைத்திருந்தன. 2012-இல் கிரேக்கத்தின் கடனில் ஒரு பகுதி தள்ளுபடியானபோது அந்தப் பத்திரங்களின் மதிப்பு கரைந்து, வங்கிகளின் மூலதனம் காலியானது. சைப்ரஸின் பொருளாதாரத்தைப் போலப் பல மடங்கு பெரிய வங்கிகள் அவை. தூக்கிவிட அரசுக்குத் தெம்பில்லை.

வங்கி விழுந்தால் அரசின் கழுத்தில் சுருக்கு. அரசு தள்ளாடினால் அதன் பத்திரத்தை வாங்கிய வங்கிக்குச் சுருக்கு. இதற்கு அழிவுச் சுழல் என்று பெயர் வைத்தார்கள். 2012 ஜூன் 29 அன்று யூரோ நாடுகளின் தலைவர்கள் கூடி, இந்தச் சுழலை உடைத்தே ஆக வேண்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் வங்கி ஒன்றியம்.

முக்காலியும் அதன் இரண்டு கால்களும்

வங்கி ஒன்றியத்தை ஒரு முக்காலியாக யோசித்தார்கள். முதல் கால், ஒரே மேற்பார்வையாளர். அதுவரை இத்தாலிய வங்கியை இத்தாலியும் ஜெர்மன் வங்கியை ஜெர்மனியும் கண்காணித்தன. தன் வீட்டுப் பிள்ளையைத் தானே பரீட்சை வைத்துத் திருத்துகிற ஏற்பாடு இது. மார்க் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2014 நவம்பர் 4 முதல் பெரிய வங்கிகளின் நேரடிக் கண்காணிப்பு பிராங்க்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியிடம் போனது. 3,000 கோடி யூரோவுக்கு மேல் சொத்து உள்ளவை பொதுவாக இந்தப் பட்டியலில் வரும். எண்ணிக்கையில் நூற்றுச் சொச்சம். சிறிய வங்கிகள் அந்தந்த நாட்டிடமே இருக்கின்றன. இந்தக் கால் உறுதியாக நிற்கிறது என்றே சொல்லலாம். கண்காணிப்புத் தொடங்கியபோது பெரிய வங்கிகள் கொடுத்த கடனில் கிட்டத்தட்ட 8 சதவீதம் வராக்கடன். இப்போது 2 முதல் 3 சதவீதத்துக்குள்.

இரண்டாவது கால், விழுந்த வங்கியை அடக்கம் செய்யும் பொதுவான அலுவலகம். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒற்றைத் தீர்வு வாரியம். 2016 முதல் முழு அதிகாரத்துடன் இயங்குகிறது. வங்கிகளிடமே சந்தா வாங்கிச் சேர்த்த சுமார் 8,000 கோடி யூரோ நிதி அதனிடம் இருக்கிறது. மூன்றாவது கால், ஐரோப்பா முழுவதற்கும் ஒரே டெபாசிட் காப்பீடு. அது இன்னும் செய்யப்படவே இல்லை.

இரண்டாவது காலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த 7 யூரோவுக்கான புது பதில் இங்கேதான் இருக்கிறது.

2014-இல் வந்த ஐரோப்பியச் சட்டம், நஷ்டத்தை யார் எந்த வரிசையில் ஏற்க வேண்டும் என்று எழுதிவைத்தது. முதலில் பங்குதாரர்கள். அவர்கள் பணம் தீர்ந்தால், ஆபத்து அதிகம் என்று தெரிந்தே அதிக வட்டிக்கு வாங்கப்பட்ட கீழ்நிலைப் பத்திரங்களின் உரிமையாளர்கள். அப்புறம் சாதாரணப் பத்திரக்காரர்கள். அதற்கும் பிறகுதான் ஒரு லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட டெபாசிட். ஒரு லட்சம் வரையிலான டெபாசிட்டில் கை வைக்கவே கூடாது. வெளியிலிருந்து பணம் போட்டுக் காப்பாற்றுவது பெயில்-அவுட் என்றால், உள்ளே இருப்பவர்கள் பணத்தையே வைத்து ஓட்டையை அடைக்கும் இதற்கு பெயில்-இன் என்று பெயர். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, அதற்கு நேர் எதிர். லாபப் பந்தியில் நிறையச் சாப்பிட்டவர் படைக்கும் முதலில் போக வேண்டும்.

வாரியத்தின் நிதியிலிருந்து நஷ்டத்தை அடைக்க வேண்டுமானாலும் ஒரு நிபந்தனை உண்டு. வங்கியின் மொத்தப் பொறுப்புகளில் குறைந்தது 8 சதவீதத்துக்கு ஈடான நஷ்டத்தை முதலில் பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும் ஏற்றிருக்க வேண்டும். இந்த எட்டு சதவீதம் பின்னால் பெரிய தலைவலியாகும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஜூன் மாதம், இரண்டு விதமான இறுதிச் சடங்கு

2017 ஜூன் 6, செவ்வாய்க்கிழமை மாலை. ஸ்பெயினின் ஆறாவது பெரிய வங்கியான பாங்கோ போப்புலரிடம் மறுநாள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கக் காசு போதாது என்ற நிலை. பல வாரங்களாக டெபாசிட்டுகள் வெளியேறிக்கொண்டிருந்தன. வங்கி விழப்போகிறது என்று ஐரோப்பிய மத்திய வங்கி அறிவித்தது. விடிவதற்குள் தீர்வு வாரியம் வேலையை முடித்துவிட்டது. பங்குகள் பூஜ்யம். கீழ்நிலைப் பத்திரங்கள் சுமார் 200 கோடி யூரோ காலி. மொத்த வங்கியும் சான்டாண்டர் வங்கிக்கு விற்கப்பட்டது. விலை: 1 யூரோ. காலையில் கிளைகள் வழக்கம்போலத் திறந்தன. சுமார் 3 லட்சம் பங்குதாரர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள், ஆண்டுக்கணக்கில் வழக்கும் நடத்தினார்கள். ஆனால் டெபாசிட் போட்ட ஒருவருக்கும் ஒரு சென்ட் குறையவில்லை; அரசு கஜானாவிலிருந்தும் எதுவும் போகவில்லை. வாரியத்தின் நிதியைக்கூடத் தொடவில்லை.

புத்தகத்தில் எழுதியபடியே நடந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 23 அன்று, வடகிழக்கு இத்தாலியில் இரண்டு வங்கிகள் விழுந்தன: பாங்கா போப்போலாரே தி விசென்சாவும் வெனெட்டோ பாங்காவும். இந்த இரண்டும் பொதுநலன் என்ற அளவுக்குப் பெரிய விஷயமில்லை, இத்தாலியே தன் சட்டப்படி கலைத்துக்கொள்ளட்டும் என்று தீர்வு வாரியம் ஒதுங்கிக்கொண்டது. இத்தாலி கலைத்தது. நல்ல பகுதிகளை இன்டெசா சான்பாவ்லோ வங்கி 1 யூரோவுக்கு வாங்கியது. ஆனால் அந்த வியாபாரம் நடக்க இத்தாலிய அரசு 1,700 கோடி யூரோ வரை ரொக்கமாகவும் உத்தரவாதமாகவும் கொடுக்க ஒப்புக்கொண்டது. சாதாரணப் பத்திரக்காரர்கள் தப்பித்தார்கள். ஐரோப்பிய அளவில் 'முக்கியமில்லை' என்று ஒதுக்கப்பட்ட வங்கிகள், உள்ளூர் அளவில் வரிப்பணம் போடும் அளவுக்கு முக்கியமாகிவிட்டன!

இத்தாலியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அங்கே வங்கிகள் கீழ்நிலைப் பத்திரங்களைக் கிளைக் கவுண்டரிலேயே ஓய்வூதியக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் டெபாசிட் மாதிரி விற்றிருந்தன. 2015 நவம்பரில் நான்கு சின்ன வங்கிகளைச் சரிசெய்தபோது, அப்படி வாங்கிய ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பங்களின் சேமிப்பு காணாமல் போனது. நாடே கொந்தளித்தது. வரிசை எழுதியவர்கள் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து 'பத்திர முதலீட்டாளர்' என்று யாரையோ நினைத்து எழுதியிருந்தார்கள். வரிசையில் நின்றது பக்கத்து வீட்டுத் தாத்தா. அதை ஒருமுறை பார்த்த அரசு மறுமுறை துணியாது.

இந்த வரிசை எவ்வளவு மென்மையான விஷயம் என்பதை 2023 மார்ச்சில் ஸ்விட்சர்லாந்து காட்டியது. ஸ்விஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதன் சட்டம் வேறு. கிரெடிட் சுவிஸ் வங்கியை 300 கோடி ஃபிராங்குக்கு யுபிஎஸ் வங்கிக்கு விற்றபோது, பங்குதாரர்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது, ஆனால் சுமார் 1,600 கோடி ஃபிராங்க் மதிப்புள்ள கீழ்நிலைப் பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. வரிசை தலைகீழ். மறுநாளே ஐரோப்பிய மத்திய வங்கியும் தீர்வு வாரியமும் ஐரோப்பிய வங்கி ஆணையமும் அவசரமாகக் கூட்டறிக்கை விட்டன: எங்கள் ஊரில் முதலில் அடிபடுவது பங்குதாரர்தான், பயப்படாதீர்கள் என்று. 2025 அக்டோபரில் ஸ்விஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமே அந்தப் பூஜ்யமாக்கலுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்தது.

ஒரு லட்சம் யார் தருவது?

இப்போது மூன்றாவது காலுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க, ஒரு வங்கியில் ஒருவருக்கு ஒரு லட்சம் யூரோ வரை காப்பீடு உண்டு. வங்கி விழுந்தால் ஏழு வேலை நாளில் பணம் வந்தாக வேண்டும். தொகையும் விதியும் எல்லா நாட்டிலும் ஒன்றே. ஆனால் பணம் வைத்திருக்கும் பானை நாட்டுக்கு நாடு வேறு. காப்பீடு செய்யப்பட்ட டெபாசிட்டில் 0.8 சதவீதம் அளவுக்கு ஒவ்வொரு நாட்டின் நிதியும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே விதி. ஒரு சின்ன வங்கி விழுந்தால் அந்தப் பணம் தாங்கும். பெரிய வங்கி விழுந்தால் பானை ஒரே நாளில் காலி. அப்புறம் அந்த நாட்டு அரசின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த அரசே சைப்ரஸ் மாதிரி நின்றால்?

இப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி, ஐஸ்சேவ் என்ற பெயரில் இணையம் வழியாக பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் லட்சக்கணக்கானவர்களிடம் டெபாசிட் வாங்கியது. கிளை என்பதால் காப்பீடு ஐஸ்லாந்துடையது. 2008 அக்டோபரில் வங்கி விழுந்தது. ஐஸ்லாந்தின் காப்பீட்டு நிதியால் அதைத் தாங்க வழியே இல்லை. பிரிட்டனும் நெதர்லாந்தும் தங்கள் மக்களுக்குத் தாங்களே கொடுத்துவிட்டு ஐஸ்லாந்திடம் பில் நீட்டின. ஐஸ்லாந்து மக்கள் 2010-இலும் 2011-இலும் இரண்டு முறை ஓட்டுப் போட்டு, கொடுக்க மாட்டோம் என்றார்கள். 2013 ஜனவரியில், ஐஸ்லாந்தும் உறுப்பாக உள்ள ஐரோப்பியச் சுதந்திர வணிகச் சங்கத்தின் (எஃப்டா) நீதிமன்றமும், காப்பீட்டு நிதி காலியானால் அரசு தன் பணத்தைப் போட வேண்டும் என்று விதியில் இல்லை என்று ஐஸ்லாந்து பக்கம் தீர்ப்பளித்தது. வங்கியின் சொத்துகளை விற்ற பணத்தில் அந்த டெபாசிட் கடன் பிற்பாடு அடைபட்டது என்பது தனிக் கதை. வங்கிகள் வாழும்போது உலகத்துக்குச் சொந்தம், சாகும்போது உள்ளூருக்குச் சொந்தம் என்று இந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு.

அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2015 நவம்பரில் எல்லா நாட்டுக்கும் ஒரே பானை என்ற திட்டத்தை வைத்தது. அது அப்படியே கிடப்பில் கிடக்கிறது. முக்கியமாகத் தடுப்பது ஜெர்மனி. அவர்கள் வாதம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கிரேக்க வங்கிகளில் பாதிக் கடன் வராக்கடனாக இருந்த காலம் அது. பக்கத்து வீட்டில் தீ எரிந்துகொண்டிருக்கும்போது சேர்ந்து தீ காப்பீடு எடுக்கலாமா என்று கேட்டால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? இன்னொன்று, ஜெர்மனியின் 350-ஐ ஒட்டிய ஸ்பார்காசே சேமிப்பு வங்கிகள் தங்களுக்குள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்கெனவே வைத்திருக்கின்றன. ஊர் மேயர் அதன் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருப்பார். பெர்லினில் எந்தக் கட்சி ஆண்டாலும் ஸ்பார்காசேயைப் பகைத்துக்கொள்ளாது.

ஆனால் அந்தத் தீ எப்போதோ அணைந்துவிட்டது. நடுவில் 2021-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரத்து கிரீன்சில் வங்கியே மூடப்பட்டு, அதில் பணம் போட்டிருந்த பல ஜெர்மன் நகராட்சிகள் காப்பீடு இல்லாமல் பணத்தை இழந்தன. வராக்கடன் தெற்கத்தி நோய் என்ற பேச்சுக்கு இப்போது பெரிய ஆதாரம் இல்லை. மீதி இருப்பது நம்பிக்கையின்மை மட்டும்தான் என்பது என் எண்ணம்.

நேர்வழி அடைபட்டதால் சந்து வழி தேடினார்கள். 2023 ஏப்ரலில் ஆணையம் வைத்த சின்னத் திருத்தத் தொகுப்புக்கு 2025 ஜூனில் நாடுகளும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் உடன்பட்டன. மேலே சொன்ன எட்டு சதவீதம் இங்கேதான் வருகிறது. நடுத்தர வங்கிகள் பெரும்பாலும் டெபாசிட்டில்தான் ஓடுகின்றன. பத்திரம் விற்றுப் பணம் திரட்டுவது குறைவு. அவற்றில் எட்டு சதவீத நஷ்டத்தை வரிசைப்படி ஏற்றினால், ஊர்க்காரர்களின் பெரிய டெபாசிட்டும் தொழில் நிறுவனங்களின் சம்பளக் கணக்கும் அடிபடும். எந்த அரசும் அதைச் செய்யாது. வெனெட்டோ வழியில்தான் போகும். இனிமேல் அந்த எட்டை எட்டுவதற்குக் குறைகிற தொகையை, நாட்டின் டெபாசிட் காப்பீட்டு நிதியிலிருந்து போட்டு, அதன் பிறகு தீர்வு வாரியத்தின் பொது நிதியைத் தொடலாம். பானைகள் தனித்தனியாகவே இருக்கும், ஆனால் பொது அடுப்புக்கு ஒரு குழாய் போட்டாயிற்று.

பொது நிதியும் போதாமல் போனால்? அதற்காக, நெருக்கடியில் சிக்கும் நாடுகளுக்குக் கடன் தர யூரோ நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் நிலைப்புறுதி நிதியத்தைப் பின்னால் நிறுத்த ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். எல்லா நாடும் ஒப்புதல் கொடுத்தது, ஒன்றைத் தவிர. 2023 டிசம்பரில் இத்தாலிய நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. ஜெர்மனி ஒரு கதவைப் பிடித்துக்கொண்டால் இத்தாலி இன்னொரு கதவை.

மூலதனம் எவ்வளவு, யார் கணக்குப் போடுவது?

விழுந்த பிறகு என்ன செய்வது என்பதைவிட, விழாமல் இருக்க எவ்வளவு மூலதனம் வேண்டும் என்பதில்தான் வங்கிகளின் சண்டை அதிகம். நாம் 100-க்கு 8 என்று எளிதாகச் சொன்னோம். உண்மையில் எல்லாக் கடனும் ஒரே எடை கிடையாது. ஆபத்து கூடினால் எடை கூடும், எடை கூடினால் வேண்டிய மூலதனமும் கூடும். அடமானம் வைத்த வீட்டுக்கடனுக்கு எடை குறைவு, புதுத் தொழில் கடனுக்கு அதிகம். சொந்த நாணயத்தில் வாங்கிய ஐரோப்பிய நாட்டு அரசுப் பத்திரத்துக்கு எடை பூஜ்யம். அழிவுச் சுழலுக்கு எண்ணெய் ஊற்றிய அந்தப் பூஜ்யம் இன்றும் அப்படியே இருக்கிறது.

பெரிய வங்கிகள் இந்த எடையைத் தாங்களே சூத்திரம் போட்டுக் கணக்கிட அனுமதி உண்டு. சூத்திரம் நம் கையில் இருந்தால் எடை எந்தப் பக்கம் சாயும்? 2017 டிசம்பரில், பல நாட்டு வங்கி மேற்பார்வையாளர்கள் கூடி விதி வகுக்கும் பாசெல் குழு இதற்கு ஒரு தரை போட்டது: சொந்தச் சூத்திரத்தில் என்ன வந்தாலும், எல்லோருக்கும் பொதுவான சூத்திரத்தில் வருவதில் 72.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் இதை 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 50 சதவீதத்தில் தொடங்கி 2030-இல் 72.5-ஐத் தொடும். சந்தையில் வாங்கி விற்கும் பகுதிக்கான விதியை மட்டும் முதலில் 2026-க்கும் பிறகு 2027-க்கும் தள்ளிவைத்தார்கள். அமெரிக்கா இன்னும் செய்யவில்லை, நாங்கள் மட்டும் ஏன் கல்லைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்பது ஐரோப்பிய வங்கிகளின் புகார். பிரிட்டனும் 2027-க்குத் தள்ளியது.

2025 டிசம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியே, அடிப்படை அளவுக்கு மேல் அடுக்கடுக்காக ஏறிப்போன கூடுதல் மூலதனத் தாங்கல்களை இரண்டாகச் சுருக்கலாம் என்று பரிந்துரைத்தது. சுருக்குவது என்றால் குறைப்பது கிடையாது என்று அவர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். வங்கிகள் காதில் அது எப்படி விழுகிறது என்பது வேறு விஷயம்.

கல்யாணத்தை நிறுத்தும் அரசுகள்

ஒரே மேற்பார்வையாளர், ஒரே விதி, ஒரே நாணயம் இருந்தால், நாடு தாண்டி வங்கிகள் இணைய வேண்டும்தானே? 2024 செப்டம்பரில் மிலானைச் சேர்ந்த யூனிகிரெடிட், பிராங்க்பர்ட்டின் காமர்ஸ்பேங்கில் 9 சதவீதப் பங்கு வாங்கியதாக அறிவித்தது. அதில் பாதி ஜெர்மன் அரசே விற்றது. 2008 நெருக்கடியில் அந்த வங்கியைக் காப்பாற்ற வாங்கிய பங்குகள் அவை. வாங்கியது யார் என்று தெரிந்ததும் பெர்லின் பதறியது. அப்போதைய சான்சலர் ஷோல்ஸ் எதிர்த்தார். பின்னால் வந்த மெர்ஸும் எதிர்த்தார். பத்தாண்டுகளுக்கு முன் இத்தாலிய வங்கிகளின் வராக்கடனைக் காட்டிப் பொதுக் காப்பீட்டை மறுத்த நாடு, நன்றாகத் தேறிவிட்ட இத்தாலிய வங்கி பெண் கேட்டு வந்ததும் வாசலில் நின்று தடுக்கிறது.

அதே யூனிகிரெடிட் தன் சொந்த நாட்டில் பாங்கோ பிபிஎம் வங்கியை வாங்கப் போனபோது, இத்தாலிய அரசு தேசப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிபந்தனை போட்டது. 2025 ஜூலையில் யூனிகிரெடிட் பின்வாங்கியது. ஸ்பெயினில் பிபிவிஏ என்ற வங்கி, சபடெல் வங்கியை வாங்க முயன்றபோது, வாங்கினாலும் மூன்று ஆண்டுகள் இணைக்கக் கூடாது என்றது ஸ்பானிய அரசு. 2025 அக்டோபரில் சபடெல் பங்குதாரர்களில் 25 சதவீதத்தை ஒட்டித்தான் சம்மதித்தார்கள், முயற்சி முறிந்தது.

அரசுகள் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கின்றன? வங்கி விழுந்தால் கடைசியில் பில் நம் வீட்டுக்குத்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பில் நம்முடையது என்றால் வங்கியும் நம் சொல் கேட்க வேண்டும். எதிர்ப் பக்கத்தில், வங்கிகள் ஒவ்வொன்றும் ஒரு நாட்டுக்குள்ளேயே கிடப்பதால் பொதுப் பானை வைக்கத் தேவையும் அவ்வளவாகத் தெரிவதில்லை. அழிவுச் சுழலை உடைக்கப் போய் இன்னொரு சுழலில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் கணக்கு வைத்திருப்பவர் இதில் பார்க்க வேண்டியது ஒரு தாள். கணக்குத் தொடங்கும் முன்பும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும், டெபாசிட் காப்பீட்டுத் தகவல் தாளை வங்கி கொடுத்தாக வேண்டும். ஒரு வங்கியில் பத்துக் கணக்கு இருந்தாலும் சேர்த்து ஒரு லட்சம்தான், கூட்டுக் கணக்கில் ஆளுக்கு ஒரு லட்சம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிளை உங்கள் தெருவில் இருந்தாலும் வங்கியின் தலைமையகம் வேறு நாட்டில் இருந்தால், காப்பீடும் அந்த நாட்டுடையதாகவே இருக்கலாம். ஐஸ்சேவில் பணம் போட்ட லண்டன்காரர்களுக்கு நடந்தது அதுதான். தாளின் முதல் வரியில், உங்கள் பணத்தைப் பாதுகாப்பது யார் என்று ஒரு பெயர் இருக்கும். பல்கேரியா 2026 ஜனவரியில் சேர்ந்த பிறகு யூரோ நாடுகள் 21. அந்த முதல் வரியில் இன்றுவரை 'ஐரோப்பா' என்று எந்த வங்கியும் அச்சடித்ததில்லை.